மைத் தாமரை: ஒரு தொடக்கப் பாடத்தின் வரலாறு

சீனத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. வாங் மியான் என்னும் சிறுவன் தந்தையை இழந்தவன். படிக்க வைக்க வழியில்லாத தாய் அவனை அண்டை வீட்டாரிடம் எருமை மேய்க்க அனுப்புகிறாள். தின்பண்டத்துக்குக் கிடைக்கும் காசைச் சேர்த்து அவன் பழைய புத்தகங்கள் வாங்குகிறான். மேய்ச்சல் நிலத்து மரநிழலில் அமர்ந்து படிக்கிறான். கோடைத் தொடக்கத்தில் ஒருநாள் பெருமழை பெய்து ஓய்கிறது. ஏரியில் பத்துப் பன்னிரண்டு தாமரைகள் நீர் சொட்ட நிற்கின்றன. இவற்றை வரையக் கற்றாலென்ன என்று அவனுக்குத் தோன்றுகிறது. காசு சேர்த்து வண்ணம் வாங்கிவரச் செய்து வரையத் தொடங்குகிறான். முதலில் சரிவரவில்லை. மூன்று மாதம் சென்றபோது அவன் தாமரையை ஊரார் விலை கொடுத்து வாங்கத் தொடங்குகின்றனர்.

வூ ஜிங்ஸி (1701–1754) எழுதிய 'அறிஞர்கள்' என்ற நாவலின் முதல் அத்தியாயம் இது. ஓவியம் பழகத் தொடங்கும் ஒருவருக்கு இதைவிட ஊக்கமூட்டும் கதை கிடைப்பது அரிது. ஆசிரியர் இல்லை, வரைநூல் இல்லை. ஏரியும் மூன்று மாதப் பொறுமையும் மட்டுமே. ஆயின் கதையில் ஒரு சிக்கல் உண்டு. வாங் மியான் கற்பனை மனிதர் அல்லர். 1359இல் மறைந்த அவர் யுவான் காலத்துக் கவிஞர், ஓவியர். அவர் எருமை மேய்த்ததும், மேய்ச்சலை விட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் கேட்கப் போனதும் சோங் லியன் எழுதிய பழைய வாழ்க்கைக் குறிப்பிலேயே உள்ளன. ஆனால் அவர் புகழ்பெற்றது தாமரைக்காக அன்று, பிளம் மலருக்காக. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ள அவருடைய 'மைப் பிளம்' அவ்வகையின் உச்சங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது.

நாவலாசிரியர் ஏன் மலரை மாற்றினார்? அவர் காட்டுவதுபோல் ஏரியை மட்டும் பார்த்து ஒருவர் ஓவியராக முடியுமா? தாமரையை மையால் வரையக் கற்றோரின் கதையைத் தொடர்ந்து சென்றால் இவ்விரு கேள்விகளும் ஒன்றையொன்று தொடுவதைக் காணலாம்.

*

முதல் கேள்விக்கு விடை தேட ஏழு நூற்றாண்டுகள் பின்செல்ல வேண்டும். 1063இல் சோங் காலத்துத் தத்துவ அறிஞர் ஜோ துன்யி, தாமரை மீது தாம் கொண்ட விருப்பத்தைப் பற்றி 119 எழுத்துகளே கொண்ட ஒரு சிற்றுரை எழுதினார். சாமந்தியை ஒதுங்கி வாழ்வோருக்கும், பியோனி மலரைச் செல்வருக்கும் உரியதாக்கிய அவர், தாமரையைச் சான்றோருக்கு உரியதாக்கினார். சேற்றில் பிறந்தும் கறைபடாமை, உள்ளே துளையுடையதாயினும் நிமிர்ந்து நிற்கும் தண்டு, தொலைவில் நின்று மதிக்கத்தக்க தன்மை ஆகியவை அவர் கண்ட குணங்கள். சேறும் தாமரையும் என்ற உவமை பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சென்றது; கன்பூசியஸ் மரபின் அறிஞர் அதை எடுத்து, அரசுப் பணியில் இருந்தும் கைசுத்தமாக வாழும் மனிதருக்கு அடையாளமாக்கினார். சீனத்தில் படித்தோர் அனைவரும் மனனம் செய்யும் உரைகளுள் அதுவும் ஒன்றாயிற்று.

மொழியும் இதற்குத் துணைநின்றது. தாமரைக்குரிய 'லியன்' என்ற சொல் நேர்மையைக் குறிக்கும் சொல்லோடும், 'தொடர்ந்து' என்னும் பொருளுடைய சொல்லோடும் ஒலியால் ஒன்றுபடுகிறது. மற்றொரு பெயரான 'ஹ' இணக்கத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒன்றுபடுகிறது. ஆகவே நாரையொன்று தாமரையருகே நிற்கும் படம், அரசுத் தேர்வுகளில் அடுத்தடுத்து வெற்றி பெறுக என்ற வாழ்த்தாகப் பரிசளிக்கப்பட்டது. பதவியை விரும்பாத சான்றோரின் மலரே பதவி வேண்டுவோருக்கான வாழ்த்தும் ஆயிற்று. இம்முரணை வூ ஜிங்ஸி அறியாதவர் அல்லர். அவருடைய நாவல் முழுவதும் தேர்வு முறை மனிதரை எவ்வாறு கெடுக்கிறது என்பதைப் பற்றியதே. அதன் வாயிலில் அவர் நிறுத்தும் வாங் மியான், அதிகாரியின் அழைப்பை மறுத்து ஊரை விட்டே போகிறார். புதிய அரசு பதவி தர முன்வந்தபோது மலையில் ஒளிந்துகொள்கிறார். அப்படிப்பட்டவருக்கு ஜோ துன்யியின் மலரை அவர் அளித்ததில் வியப்பில்லை.

*

சீன ஓவியத்தில் தாமரை தொடக்கத்திலிருந்தே கறுப்பாக இருக்கவில்லை. தென் சோங் அரசவைக் காலத்து வட்ட விசிறிப் படம் ஒன்று, 'நீரினின்று எழும் தாமரை' என்ற பெயரில் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. மரபாக வூ பிங் என்பவர் வரைந்ததாகச் சொல்லப்படுவது. ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டில் ஒரே ஒரு மலர் இடம் முழுவதையும் நிறைத்துப் பூத்திருக்கிறது. இளஞ்சிவப்பு இதழ்களின் விளிம்பில் கோடே கண்ணுக்குத் தெரிவதில்லை. நிறம் மெல்ல அடர்ந்து, மெல்ல வெளிறி இதழாகிறது. இத்தகைய படம் ஒரே மூச்சில் முடிவதன்று. மெல்லிய வண்ணத்தை அடுக்கடுக்காகத் தோய்த்து, ஒவ்வோர் அடுக்கும் உலரக் காத்திருந்து வரைந்தது.

மறுபுறம் அறிஞர்கள் இன்னொரு வழியை வளர்த்தனர். மைக்குள்ளேயே ஐந்து நிறங்கள் உண்டு என்ற எண்ணத்தை 847 அளவில் ஜாங் யான்யுவான் தம் ஓவிய வரலாற்று நூலில் பதிவு செய்திருக்கிறார். எழுதும் தூரிகையும் எழுதும் மையும் கொண்டே வரையலாம் என்றால் ஓவியம் அரசவைத் தொழிலாளியின் கைவினையாக மட்டும் நின்றுவிடாமல், எழுத்தறிந்தோர் கையெழுத்தின் நீட்சியாகிறது. தாமரை அதற்கு மிகவும் இசைந்த செடி. ஏன் என்பதைக் காண, பழகுவோர் மேசையருகே நாம் சற்று அமர வேண்டும்.

*

மேசையில் நான்கு பொருள்கள் இருக்கும்: தூரிகை, மை, தாள், மைக்கல். மை என்பது பைன் மரப் புகைக்கரி அல்லது எண்ணெய் விளக்குக் கரியை விலங்குப் பசையுடன் பிசைந்து உலர்த்திய கட்டி. கல்லில் சில துளி நீர் விட்டு மெதுவாக வட்டமிட்டு அரைக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால் மை பரபரப்பாகும். தாள் அன்ஹுய் மாநிலத்து சுவான் தாள். நீலச் சந்தனம் எனப்படும் மரத்தின் பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்வது. படிகாரம் பூசிய தாளில் மை மேலே நிற்கும்; நுணுக்கமான வண்ண வேலைக்கு அது ஏற்றது. பூசாத தாளில் துளி பட்டவுடன் பரவும். மைத் தாமரை பழகுவோர் பூசாத தாளையே எடுப்பர். அதில் அழிப்பதற்கில்லை, திருத்துவதற்கில்லை. கை தயங்கிய இடம் கறையாகப் படரும். கை ஓடிய இடம் வெண்கீற்றாக உலரும். வரைந்தவர் எங்கே ஐயுற்றார் என்பதைப் பார்ப்பவர் அறிந்துகொள்வார்.

பொதுவாக இலையில் தொடங்குவது எளிது. மென்மயிர்ப் பெருந்தூரிகையை முதலில் வெளிறிய மையில் நனைத்து, நுனியில் மட்டும் அடர்மை தொட்டுக்கொள்ள வேண்டும். தூரிகையைப் படுக்கவைத்து நான்கைந்து அகன்ற வீச்சுகளில் இலையை முடிக்க வேண்டும். ஒரே வீச்சில் கருமையும் சாம்பலும் சேர்ந்தே விழும். வீச்சுகளுக்கிடையே வெள்ளை விடுவது இலைக்கு மூச்சுவிட இடந்தருவதுபோல. ஈரம் பாதி உலர்ந்தபின் அடர்மையால் நரம்புகள். இங்கே புதியவர் பெரும்பாலும் செய்யும் பிழையொன்றைச் சுட்ட வேண்டும். அல்லியின் இலைக்கு விளிம்பில் பிளவு உண்டு. தாமரை இலைக்கு இல்லை. தாமரைத் தண்டு இலையின் நடுவில் பொருந்துகிறது. நரம்புகள் அங்கிருந்து குடைக் கம்பிகள்போல் எல்லாத் திசையிலும் விரிகின்றன. பிளவை வரைந்துவிட்டால் அது அல்லியாகிவிடும். நரம்புகளின் மையம் தவறினால் காற்றில் சாய்ந்த இலை, கிழிந்த துணிபோல் தொங்கும்.

தண்டுக்கு விறைப்பான மயிர்த் தூரிகை வேண்டும். அதை நிமிர்த்திப் பிடித்து, தோளிலிருந்து கை அசைய, ஒரே கோடாக இழுக்க வேண்டும். நெடிய தண்டுகளைச் சிலர் மேலிருந்து ஒரு கோடும் கீழிருந்து ஒரு கோடுமாக வரைந்து நடுவே இணைப்பர். இணைப்பு இருக்கும் இடத்தை ஓர் இலையோ புல்லோ மறைக்கும். மூன்று தண்டுகள் ஒரே புள்ளியில் குறுக்கிடக் கூடாது. இரண்டு மலர்கள் ஒரே உயரத்தில் நிற்கக் கூடாது. தண்டு உலருமுன் இருமருங்கும் சிறு புள்ளிகள் இட வேண்டும். தாமரைத் தண்டு வழவழப்பானதன்று, முள்ளுடையது. அப்புள்ளிகள் இல்லாவிட்டால் அது வெறும் குச்சி.

மலர் கடைசியில். முன்னிற்கும் இதழை முதலில், நுனியில் சந்திக்கும் இரண்டு மெல்லிய கோடுகளால் வரைவர். பிறகு பக்கத்து இதழ்கள், பின்னிதழ்கள். இதழுக்குள் எதுவும் பூசுவதில்லை. வெறும் தாளே வெண்தாமரையாகிறது. சுற்றிலும் உள்ள இலைகளின் கருமையால்தான் அவ்வெண்மை ஒளிபெறுகிறது. வண்ணம் வேண்டுவோர் தூரிகையை நீரில் நனைத்து, நுனியில் செஞ்சாயம் தொட்டு, இதழ் நுனியிலிருந்து அடிவரை ஒரே வீச்சில் இழுப்பர். நுனி சிவந்தும் அடி வெளிறியும் அமையும். நடுவே பொகுட்டு, அதைச் சூழ்ந்து கேசரப் புள்ளிகள்.

ஆக, ஒரே செடியில் பரப்பு, கோடு, புள்ளி, வெற்றிடம் ஆகிய நான்கும் வந்துவிடுகின்றன. பெரிய இலை தொடக்கக்காரரின் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும், மலர் பொறுத்துக்கொள்ளாது. தொடக்கப் பாடமாகவும் முதுமைக்காலப் பாடமாகவும் அது நீடித்ததன் காரணம் இதுவாகலாம்.

*

இவற்றையெல்லாம் ஏரிக்கரையில் தனியே அமர்ந்த ஒருவர் கண்டுபிடிக்க முடியுமா? இதழின் வளைவை ஏரி கற்றுத்தரும். ஈரத் தூரிகையில் எவ்வளவு மை தொடுவது என்பதை ஏரி அறியாது. அதற்குத்தான் வரைநூல்கள்.

1679இல் நான்ஜிங் நகரில் வெளிவந்த 'கடுகுவிதைத் தோட்ட ஓவிய நூல்' அவற்றுள் தலையாயது. நாடகாசிரியரும் பதிப்பாளருமான லி யூவின் தோட்டத்துப் பெயரே நூலுக்கும் ஆயிற்று. அவர் மருமகன் ஷென் சின்யூவின் முயற்சியில், பழைய ஆசிரியர் ஒருவர் விட்டுச்சென்ற மாதிரிகளை விரித்து வாங் காய் தொகுத்தார். முதற்பகுதி நிலக்காட்சிக்குரியது. 1701இல் வாங் சகோதரர்கள் தொகுத்த அடுத்த இரு பகுதிகள் வந்தன: ஒன்று ஆர்க்கிட், மூங்கில், பிளம், சாமந்தி ஆகியவற்றுக்கு, மற்றொன்று மலர், பூச்சி, பறவைகளுக்கு. வண்ண மர அச்சில் வந்த அந்நூல் செடியை உறுப்புறுப்பாகப் பிரித்துக் காட்டியது: இதழ் இப்படி, இலை இப்படி, காம்பு இப்படி. ஆசிரியர் வீட்டுக்குப் போய்ப் பணிவிடை செய்து கற்க வசதியில்லாதவரும் கற்கலாம் என்ற நிலையை அது உருவாக்கியது.

பண்டிதர்கள் இத்தகைய நூலை ஐயத்தோடு பார்த்ததிலும் நியாயம் உண்டு. அச்சுப் பலகை மையின் ஐந்து நிறங்களைத் தராது. நூலில் உள்ள இலையையே ஆயிரம் பேர் வரைந்தால், ஆயிரம் குளங்களிலும் ஒரே இலைதான் இருக்கும். எழுத்து பயில்வோருக்கும் இக்கேள்வி புதிதன்று. முன்னோர் செய்யுளை நெட்டுருச் செய்வது கவிஞரை உருவாக்குமா, கொன்றுவிடுமா என்பதை நம் மரபிலும் பலர் கேட்டிருக்கின்றனர்.

ஹூனான் மாநிலத்துச் சியாங்தான் பகுதியில் 1864இல் ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்த ச்சி பாய்ஷி இதற்கு ஒரு விடை. நோய்வாய்ப்பட்ட உடலால் உழவுக்கு ஆகாமல் தச்சுத்தொழில் பழகியவர். மரச்சாமான்களில் பூவேலை செதுக்கியவர். இருபது வயதளவில் வேலைக்குச் சென்ற வீடொன்றில் 'கடுகுவிதைத் தோட்ட' நூலின் சில பகுதிகளைக் கண்டார். விலைக்கு வாங்க வழியில்லை. இரவல் வாங்கி வந்து, பகல் வேலை முடிந்த இரவுகளில் விளக்கொளியில் மெல்லிய தாளை மேலே வைத்து ஒவ்வொரு படமாகப் படியெடுத்தார். ஏறத்தாழ அரையாண்டு பிடித்தது. 1889இல்தான் அவருக்கு முறையான ஆசிரியர் வாய்த்தார். அதுவரை அவருடைய பள்ளி அந்தப் படிகளே.

ஐம்பது வயதைக் கடந்து பெய்ஜிங்கில் குடியேறியபின், நண்பர் சென் ஷிசெங்கின் தூண்டுதலால், தாம் கற்ற வழியைத் தாமே கைவிட்டு மாற்றினார். கரிய இலை, செந்நிற மலர் என்ற அவருடைய தாமரைகள் அதன்பின் வந்தவை. முதுமையில் வரைந்த படமொன்றில் தாமரையின் நிழல் நீரில் விழ, தவளைக்குஞ்சுகள் அந்நிழலை மொய்க்கின்றன. நீருக்குள் இருக்கும் தவளைக்குஞ்சுக்கு நிழல் தெரியாது என்று யாரும் குறை சொல்லலாம். அந்த வேடிக்கை எந்த வரைநூலிலும் இருந்திராது. தம்மிடமிருந்து கற்பவர் பிழைப்பர், தம்மைப் போலவே செய்பவர் மடிவர் என்ற கருத்தில் அவர் மாணவருக்குச் சொன்னது பின்னாளில் பெயர்பெற்றது. அரையாண்டு விளக்கடியில் படியெடுத்தவர் சொன்னதால் அதற்கு எடை கூடுகிறது.

*

முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே பிறந்து, சிலருக்கு மை அரைத்துத் தாள் எடுத்துக் கொடுத்திருக்கலாகாதா என்று ச்சி பாய்ஷி ஏங்கியதுண்டு. அச்சிலருள் இருவரின் தாமரைகளை இங்கே காண வேண்டும்.

சூ வெய் (1521–1593) கவிஞர், நாடகாசிரியர். மாகாணத் தேர்வில் எட்டு முறை தோற்றவர். ஆதரவளித்த தளபதி வீழ்ந்தபின் மனம் பிறழ்ந்து, பலமுறை தற்கொலைக்கு முயன்றார். 1566இல் மனைவியைக் கொன்றார். ஏழாண்டுகள் சிறையில் கழித்தார். அவருடைய மேதைமையைப் புகழ்வோர் அப்பெண்ணின் மரணத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். நாம் அவ்வாறு கடக்க வேண்டியதில்லை. விடுதலைக்குப்பின் படங்களை விற்று வாழ்ந்தார். அவருடைய 'மஞ்சள் ஓடு' என்ற படத்தில், வாடிய தாமரை இலையின் கீழே நண்டொன்று ஊர்கிறது. நண்டின் ஓட்டைக் குறிக்கும் சொல்லே தேர்வில் முதலிடத்தையும் குறிக்கும். 'மஞ்சள் ஓடு' தேர்ச்சிப் பட்டியலின் பெயர். வாழ்த்தாக அமைய வேண்டிய குறியீடு, எட்டு முறை தோற்றவர் கையில் ஏளனமாக மாறுகிறது. இலை நீர் கலந்த மையை அள்ளி வீசியதுபோல் கிடக்கிறது. அருகே சென்று பார்த்தால் நரம்பு ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருக்கிறது.

மற்றவர் பாடா ஷான்ரென் (1626–1705). மிங் அரச மரபின் கிளையொன்றில் நான்சாங் நகரில் பிறந்தவர். 1644இல் மிங் ஆட்சி வீழ்ந்தபோது பதினெட்டு வயது இளைஞர். புதிய ச்சிங் ஆட்சியில் பழைய அரச மரபினர் என்ற அடையாளமே ஆபத்தானது. 1648இல் தலையை மழித்துத் துறவியானார். முப்பதாண்டுகளுக்குப்பின் மனம் பிறழ்ந்து, அழுதும் சிரித்தும் திரிந்து நான்சாங் திரும்பினார். அது நோயா, நடிப்பா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. 1684 முதல் அவர் இட்ட 'பாடா ஷான்ரென்' என்ற கையொப்பத்தை மேலிருந்து கீழாகச் சேர்த்து எழுதும்போது 'அழு', 'சிரி' என்ற எழுத்துகள்போல் தோன்றும்.

1697இல் அவர் வரைந்த 'நதிமேல் மலர்கள்' என்ற சுருள் இப்போது தியான்ஜின் அருங்காட்சியகத்தில் உள்ளது. அரை மீட்டருக்கும் குறைந்த உயரம். நீளம் ஏறத்தாழ 13 மீட்டர். வரைந்து முடிக்க நான்கு மாதம் ஆயிற்று. சுருளை வலமிருந்து இடமாக விரித்துக்கொண்டே செல்வோர் முன்னே தாமரைகள் ஓங்கி நிற்கின்றன. இலைகள் சில இடங்களில் தாளின் உயரம் முழுவதையும் அடைக்கின்றன. பிறகு சரிவு, பாறை, ஓடை. மலர்கள் குறைந்து, மூங்கிலும் ஆர்க்கிடும் வந்து, இறுதியில் அவரே எழுதிய நெடும்பாடல். எழுபதைக் கடந்தவரின் கை எங்கும் தயங்கவில்லை. மலர்களில் கோடுகள் மிகக் குறைவு. இந்தப் படத்தில் அவர் தம் குலத்தின் அழிவைப் பற்றி வெளிப்படையாக எதையும் சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. நிலமும் நீரும் மாறிக்கொண்டே போகும் ஒரு சுருளில், தண்டுகள் மட்டும் தம் எடைக்குமேல் சுமந்து நிற்பதை நாம் பார்க்கிறோம்.

*

இவ்விருவரையும் படியெடுத்துக் கற்றவர்களுள் ஜாங் தாச்சியென் (1899–1983) படியெடுத்தலின் மறுமுனையைக் காட்டுபவர். பாடாவையும், மற்றோர் அரச மரபுத் துறவியான ஷிதாவையும் அவர் கற்ற ஆழம் எத்தகையது என்றால், அவர் செய்த போலிகள் வல்லுநர்களையும் ஏமாற்றின. 1941 முதல் இரண்டாண்டுகளுக்கும் மேலாகத் துன்ஹுவாங் குகைகளில் சுவரோவியங்களைப் படியெடுத்தார். 1950இல் இந்தியா வந்து அஜந்தாவில் தங்கி அங்கும் படியெடுத்தார். துன்ஹுவாங் கலையின் வேர் எவ்வளவு இந்தியாவில் உள்ளது என்பதை அறிவது அவர் நோக்கம். நீலத் தாமரை ஏந்திய அஜந்தாவின் பத்மபாணி உலகறிந்த உருவம். மண்சாந்தின் மேல் கனிம வண்ணத்தால் எழுந்த அம்மலருக்கும் சுவான் தாளில் பரவும் மைத் தாமரைக்கும் பௌத்தம் பொது. தொழில்முறை முற்றிலும் வேறு. இரண்டையும் கையால் தொட்டறிந்த ஓவியர் மிகச் சிலரே. அறுபது வயதை நெருங்கும்போது பார்வை மங்கி, நுணுக்க வேலை இயலாமற் போனது. மையையும் நிறத்தையும் தாளில் கொட்டிப் பரவவிட்டு அதன்மேல் வரையும் தம் புதிய வழியைக் கண்டது அதன்பின்னரே. அவ்வழியிலும் தாமரை அவருக்கு விருப்பமான பொருளாக நீடித்தது.

அதே 1899இல் பிறந்த லி குசான் ஏழ்மையில் வளர்ந்தவர். பெய்ஜிங்கில் படித்த காலத்தில் இரவில் ரிக்ஷா இழுத்துப் பணம் ஈட்டினார். 1923இல் ச்சி பாய்ஷியின் மாணவரானார். மைத் தாமரை அவருக்கும் வாழ்நாள் பொருள். 1970களின் தொடக்கத்தில் வெளிநாட்டு விருந்தினர் தங்கும் விடுதிகளை அழகுபடுத்த, பண்பாட்டுப் புரட்சியால் ஒதுக்கப்பட்டிருந்த ஓவியர்கள் அழைக்கப்பட்டனர். பிறகு அரசியல் காற்று திரும்பியது. 1974இல் பெய்ஜிங்கில் 'கறுப்பு ஓவியங்கள்' என்று பெயரிட்டு அவர்களின் படங்களைக் கண்டனத்துக்காகக் காட்சிக்கு வைத்தனர். ஹுவாங் யோங்யூவின் ஒற்றைக்கண் மூடிய ஆந்தை அங்கே குற்றவாளியாக நின்றது. லி குசானின் வாடிய தாமரைப் படமும் நின்றது. அதில் எட்டு மலர்கள் இருந்தனவாம். ஜியாங் ச்சிங் முன்னிறுத்திய புரட்சிகர 'மாதிரி' நாடகங்களும் எட்டு. ஆகவே தாமரை வாடியதும், கறுத்ததும், எட்டாக இருந்ததும் அந்நாடகங்களை இழிவுபடுத்தவே என்று குற்றம் சாட்டினர்.

இக்குற்றச்சாட்டு அபத்தமானது என்று சிரித்துவிடலாம். ஆயினும் அது முற்றிலும் வேரற்றதன்று என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்பது நூற்றாண்டுகளாகச் சீன வாசகர் தாமரையைப் பொருளேற்றியே படித்து வந்தனர். நேர்மை, இணக்கம், தேர்வு வெற்றி, தேர்வின் ஏளனம், அழிந்த அரசு என ஒவ்வொரு காலமும் ஒவ்வொன்றை ஏற்றியது. சூ வெய்யின் நண்டைச் சரியாகப் படிக்க உதவிய அதே படிப்புமுறை, லி குசானின் மலர்களை எண்ணித் தண்டிக்கவும் உதவியது. எழுபத்தைந்து வயதில் அவர் அந்த அவமதிப்பைத் தாங்கினார். அரசியல் மாறியபின் அதே மையால், அதே இலைகளை இன்னும் பெரிய தாள்களில் வரைந்தார்.

*

வாங் மியானின் ஏரிக்குத் திரும்புவோம். வூ ஜிங்ஸி அவருக்கு ஆசிரியரைத் தராததற்குக் காரணம் உண்டு. தேர்வுக்கான மாதிரிக் கட்டுரைகளை நெட்டுருச் செய்து பதவி பெற்ற கூட்டத்தை அவர் எழுதப் போகிறார். அதற்கு எதிரே, எதையும் நெட்டுருச் செய்யாத ஒருவர் வேண்டியிருந்தது. நாவலுக்கு அது பொருத்தம். ஓவியத்தின் வரலாறு அவ்வளவு தூய்மையானதன்று. நாம் கண்ட ஓவியர்களுள் முன்னோர் கையைப் பின்பற்றாமல் தொடங்கியவர் எவரும் இல்லை. அவர்களுள் எவரும் அங்கேயே நின்றுவிடவும் இல்லை.

இன்று தாமரை வரையத் தொடங்குவோருக்கு மாதிரிகளுக்குக் குறைவில்லை. வரைநூலின் பக்கங்களை எங்கிருந்தும் காணலாம். பாடாவின் சுருளைத் திரையில் அங்குலம் அங்குலமாகப் பெரிதாக்கியும் பார்க்கலாம். முதல் நூறு இலைகளை அவற்றைப் பார்த்தே வரையட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒருமுறையேனும், மழைவிட்ட காலையில், தாமரைக் குளம் ஒன்றின் கரையில் போய் நிற்க வேண்டும். நரம்புகள் எங்கே கூடுகின்றன, காற்றில் இலை எந்தப் பக்கம் புரள்கிறது, விதை முற்றிய பொகுட்டு எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்க வேண்டும். தண்டை விரலால் தொட்டு, முள் குத்துகிறதா என்றும் பார்க்கலாம். வீடு திரும்பி அந்தப் புள்ளிகளை இடும்போது கை வேறுவிதமாக அசையும்.